ரத்தினசாமி திருப்பிக் கொடுத்த சாமான்

ரத்தினசாமியின் கையில் ஸ்பானர் இருக்கும்வரை யாருக்கும் பயமில்லை. கத்துவார். வண்டியைத் திட்டுவார், வண்டிக்காரனைத் திட்டுவார், அந்த வண்டியை அதற்கு முன்னால் கழற்றிய மெக்கானிக்கின் பரம்பரையையே வம்புக்கு இழுப்பார். அதெல்லாம் வேலையோடு சேர்ந்தது. ஸ்பானரைத் துணியில் துடைத்து, சத்தமில்லாமல் பெஞ்சின்மேல் வைத்துவிட்டாரென்றால்தான் விபரீதம். அதன்பிறகு அவர் முகத்தைப் பார்க்க தேவராஜ மொஹல்லாப் பகுதியின் டாக்ஸிக்காரர்கள் யாரும் நிற்கமாட்டார்கள். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று நழுவிவிடுவார்கள்.

மார்டள்ளி கிராமத்திலிருந்து பதினேழாவது வயதில் கல் லாரியின் மேலே உட்கார்ந்து மைசூர் வந்தவர். ஊரைப் பற்றி அவர் ஏங்கிப் பேசி யாரும் கேட்டதில்லை. “அங்க பசி இருந்துச்சு, இங்க பெட்ரோல் நாத்தம் இருந்துச்சு. பெட்ரோல் நாத்தம் தேவலை” என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஒர்க்ஷாப்பில் பத்து வருடம் அடியும் உதையும் வாங்கித் தொழில் கற்றுக்கொண்டார். எண்பத்திரண்டில் கௌரம்மாவின் வீட்டுக் காம்பவுண்டுக்குள் பின்பக்கம் ஒரு தகர ஷெட் போட்டுக்கொண்டார். உள்ளே ஒரு வண்டி நிற்கும், வெளியே ஒரு வண்டி நிற்கும். மூன்றாவது வண்டி வந்தால் கௌரம்மாவின் துளசி மாடத்தில் இடிக்கும், அன்றைக்கு இரண்டு பேருக்கும் சண்டை நடக்கும்.

கௌரம்மா பூ மண்டி வைத்திருந்தவரின் விதவை. அறுபது வயது. கன்னடத்தில்தான் பேசுவார். எதிரில் இருப்பவர் தமிழில் பதில் சொன்னால் அதைப் பற்றிக் கவலையும் படமாட்டார். பதினான்கு வருடமாக ரத்தினசாமி தமிழிலும் அவர் கன்னடத்திலுமாகச் சண்டை போட்டு, ஒருவர் சொல்வது மற்றவருக்கு ஒரு எழுத்துவிடாமல் புரிந்திருக்கிறது.

இன்ஜினைப் பிரித்து மாட்டுவதற்குப் பெரிய பெரிய ஒர்க்ஷாப்புகள் இருந்தன. ரத்தினசாமியிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே புகாரோடு வருவார்கள்: ஐட்லிங் நிற்கவில்லை. ஓடும்போது நன்றாக ஓடுகிறது, சிக்னலில் நின்றால் குலுங்குகிறது, இருமுகிறது, அணைந்துவிடுகிறது. அதைக் கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. வேலை முடிந்ததும் ஒரு எவர்சில்வர் டம்ளரில் கழுத்துவரை தண்ணீர் ஊற்றி, ஓடுகிற இன்ஜினின் ஏர்கிளீனர் மூடிமேல் வைப்பார். ஒரு சொட்டு வெளியே சிந்தினாலும் வண்டியை விடமாட்டார்.

பாலசந்திரன் அவரிடம் வந்தது எண்பத்தைந்தில். லக்ஷ்மிபுரத்தில் சொந்த வீடு, அறுபத்தெட்டாம் வருடத்து பியட், தந்த நிறம். ரயில்வேயில் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொண்டு முப்பத்திரண்டு வருடம் இருந்த அதிகாரி. ஓய்வு பெற்றாலும் கிடங்கு அவர் மண்டையைவிட்டுப் போகவில்லை. ஊரில் இருக்கிற அத்தனை பேரும் ஆளுக்கொரு போல்ட்டைத் திருடிக்கொண்டு போவதற்காகவே பிறந்திருக்கிறார்கள் என்று மனதார நம்புகிற மனிதர்.

அவரிடம் இரண்டு பழக்கங்கள் இருந்தன. முதலாவது, பழைய சாமான். பிளக் மாற்றினால் பழைய பிளக்கைக் கேட்பார். பெல்ட் மாற்றினால் அறுந்த பெல்ட்டைக் கேட்பார். தேய்ந்த வாஷரைக்கூட விட்டதில்லை. அதற்கென்று ஒரு காக்கித் துணிப்பை கொண்டுவருவார். “என் வண்டியில இருந்தது என் சாமான்” என்று சொல்லி, பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். ரத்தினசாமி ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு அதில் போடுவார்.

இரண்டாவது, பச்சை மசி. அவர் கைக்கு வருகிற எந்தக் காகிதமும், கோவில் அழைப்பானாலும் தண்ணீர் வரி நோட்டீஸானாலும், மூலையில் அது வந்த தேதியைப் பச்சைப் பேனாவால் எழுதி, கீழே ‘பா’ என்று ஒரு சுழிப்புச் சுழித்த பிறகுதான் மேஜைக்குப் போகும்.

இருவருக்கும் ஒருவரையொருவர் கண்டால் ஆகாது. ஆனாலும் பதினோரு வருடம் ஓட்டினார்கள். பாலசந்திரனை வேறு எந்த மெக்கானிக்கும் இரண்டாம் முறை உள்ளே விடவில்லை என்பது ஒரு காரணம். ரத்தினசாமிக்கு வேறு ஒரு காரணம் இருந்தது. அதுவரை டாக்ஸிகளையே பார்த்துவந்த அந்தத் தகர ஷெட்டுக்கு முதன்முதலில் வந்த வீட்டு வண்டி அந்த பியட். அதை அவர் மறக்கவில்லை. மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தொண்ணூற்றாறு மே மாதம் ரத்தினசாமியின் ஒரே மகள் மகேஸ்வரிக்குக் கல்யாணம் நிச்சயமாகிப் பத்திரிகை அடித்து வந்தது. நல்ல தடிமனான அட்டை. மேலே தங்க நிறத்தில் பிள்ளையார் புடைப்பாக அச்சாகியிருந்தார், தடவிப் பார்த்தால் தும்பிக்கை விரலில் தட்டும். ரத்தினசாமி தமிழில் மட்டும்தான் அடித்திருந்தார், அதற்குக் கௌரம்மா ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். அவர் மனைவி பழனாத்தாள் ஒவ்வொரு பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினாள். முதல் பத்திரிகையை நஞ்சன்கூட்டில் சாமி காலடியில் வைத்து எடுத்தார்கள். இரண்டாவதை யாருக்குக் கொடுப்பது என்றபோது ரத்தினசாமி பாலசந்திரன் பெயரைச் சொன்னார்.

“அந்த ஆளுக்கா? ஏனுங்க, உங்களுக்குக் கிறுக்கா புடிச்சிருக்குது? வாசப்படி தாண்டி உள்ள உடாத மனுசனுங்க அது.”

“வாசல்லயே குடுத்துட்டு வாரேன். அதுக்கு என்ன இப்ப?”

துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், பத்திரிகை எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு போனார். பாலசந்திரன் வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். ரத்தினசாமி நின்றபடி இரண்டு கையாலும் தாம்பாளத்தை நீட்டினார். பாலசந்திரனின் வலது கையில் பேனா இருந்தது. பேனாவை அவர் கீழே வைக்கவில்லை. இடது கையால் பத்திரிகையை மட்டும் உருவி எடுத்து, மஞ்சள் தடவிய மூலையிலேயே 9-5-96 என்று எழுதி, கீழே சுழித்துவிட்டு, “சரிப்பா, பார்க்கலாம்” என்றார். பழமும் வெற்றிலையும் தாம்பாளத்திலேயே திரும்பி வந்தன.

அதை ரத்தினசாமி பழனாத்தாளிடம் சொல்லவில்லை. பழத்தை வழியில் ஒரு பசுமாட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். ஜூன் முதல் வாரம் நஞ்சன்கூட்டுச் சத்திரத்தில் கல்யாணம் நடந்தது. கௌரம்மா வந்தார், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார். டாக்ஸி ஸ்டாண்டிலிருந்து தொட்டையனும் ஏழெட்டு டிரைவர்களும் வந்தார்கள். ரத்தினசாமி கடைசிப் பந்திவரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்து, ஒரு இலை கூடுதலாகப் போட்டு வைக்கச் சொன்னார். அந்த இலையில் யாரும் உட்காரவில்லை.

நம் ஆடியை ஒட்டி வரும் ஆஷாட மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை வந்தது வினை. மைசூரில் பாதி ஜனம் சாமுண்டி மலைமேல் இருக்கும் நாள் அது. பாலசந்திரனும் மனைவி மீனாக்ஷியை ஏற்றிக்கொண்டு பியட்டில் கிளம்பியிருக்கிறார். மலைப்பாதையில் வண்டிகள் எறும்பு வரிசையாக நின்று நின்று நகர்ந்தன. நிற்கும்போதெல்லாம் பியட் குலுங்கி, இருமி, அணைந்தது. மறுபடி கிளப்பினால் மறுபடி அணைந்தது. பின்னால் பஸ்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. போலீஸ்காரர் வந்து கண்ணாடியைத் தட்டி, வண்டி ஓட்டத் தெரியாவிட்டால் எதற்கு மலைக்கு வருகிறீர்கள் என்று கேட்டார். மூன்றாவது வளைவில் மீனாக்ஷி பூக்கூடையை எடுத்துக்கொண்டு இறங்கி, நடந்தே மேலே போய்விட்டார்.

அன்று மாலை பியட் விக்கிக்கொண்டே ரத்தினசாமியின் ஷெட்டுக்குள் நுழைந்தது.

“என் ஒரிஜினல் கார்புரேட்டர் எங்கே?” பாலசந்திரன் கதவைக்கூடச் சாத்தவில்லை.

“வண்டியிலதானுங்க இருக்குது. எங்க போகும்?”

“கதை விடாதே. சிவராத்திரி சமயத்தில கழட்டி கிளீன் பண்ணினியே, அப்போ மாத்திட்டே. ஒரிஜினலை எவனுக்கோ தள்ளிட்டு, குப்பையிலிருந்து பொறுக்கினதை எனக்கு மாட்டிருக்கே. முப்பத்திரண்டு வருஷம் உன்னை மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கேன் தெரியுமா?”

“சோக் லீவர்ல பித்தளை ஆணி இருக்குது பாருங்க சார். எண்பத்தேழுல உடைஞ்சப்ப நான் அடிச்ச ஆணி. அதே கார்புரேட்டர்தானுங்க.”

“நீ அடிச்சதுதானே? ஆணி அடிக்கத் தெரிஞ்சவன் எதுல வேணும்னாலும் அடிப்பான். கள்ளன்!”

ரத்தினசாமி ஸ்பானரைத் துடைத்துக் கீழே வைத்தார். ஆனால் அன்றைக்கு அவருக்குக் கை எழவில்லை. சோம்பேறி என்றிருக்கிறார்கள், கோபக்காரன் என்றிருக்கிறார்கள், கள்ளன் என்று இருபத்தைந்து வருடத்தில் யாரும் நாக்குமேல் பல்லைப் போட்டுச் சொன்னதில்லை. அவர் மலைத்து நின்றதைப் பாலசந்திரன் ஒப்புதலாக எடுத்துக்கொண்டார். நேரே டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போய், தொட்டையனிடம் சத்தமாகச் சொன்னார். தொட்டையன் மற்ற டிரைவர்களுக்கெல்லாம் மூத்தவன். அவன் காதில் போட்டால் மொஹல்லா முழுக்கப் போட்டமாதிரி.

மறுநாள் தொட்டையனே வந்து, பாதி விளையாட்டாக, “ரத்னண்ணா, என் வண்டியில என்னென்ன இருக்கு, என்னென்ன இல்லைன்னு ஒருதடவை சொல்லிடுங்களேன்” என்றான். மீதிப் பாதி விளையாட்டில்லை. அதுவரை சாவியை வீசிவிட்டுச் சாப்பிடப் போகிறவர்கள், இப்போது பானெட்டுக்குப் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர் ஒரு நட்டைச் சட்டைப்பையில் போட்டால் நாலு கண்கள் பைக்குள் போயின. பத்து நாளில் வண்டிகளே குறைந்துவிட்டன. நஞ்சன்கூட்டிலிருந்து சம்பந்தி வந்தார். காப்பியைக் குடித்து முடித்தபிறகு, “மைசூர்ல என்னமோ பேச்சு அடிபடுதாமே” என்று தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். பழனாத்தாள் அடுப்படியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கல்யாணமாகி இரண்டு மாதம் முடியவில்லை, பெண்ணின் புகுந்த வீட்டில் அப்பன் பெயர் இப்படி அடிபடுகிறது.

கடைசியில் கௌரம்மா கூப்பிட்டுவிட்டார்.

“ரத்னா, என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் மார்க்கெட்டில் பூ வித்தார். எடை குறைவுன்னு ஒருத்தர் சொன்னதில்லை. அவர் காம்பவுண்டில் கள்ளனை வைத்திருக்கேன்னு இப்போ என் காதுபடப் பேசறாங்க. நீ எடுத்திருக்கமாட்டேன்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சு என்ன பிரயோசனம்? ஞாயிற்றுக்கிழமை அந்த மனுஷரை வரச்சொல்லியிருக்கேன். எல்லார் முன்னாலேயும் திறந்து காட்டு. காட்ட முடியலேன்னா திங்கட்கிழமை ஷெட்டைக் காலி பண்ணிடு.”

“சரிங்கம்மா” என்றார் ரத்தினசாமி. பதினான்கு வருடத்தில் அவர் சண்டை போடாமல் கௌரம்மாவுக்குச் சொன்ன பதில் அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் காம்பவுண்டு நிறைந்துவிட்டது. துளசி மாடத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கௌரம்மா உட்கார்ந்திருந்தார். தொட்டையனும் நாலைந்து டிரைவர்களும் சுவரோரம் நின்றார்கள். பாலசந்திரன் காக்கிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பரீட்சை அறைக் கண்காணிப்பாளர்போல வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். ரத்தினசாமி அவர் பக்கம் திரும்பவே இல்லை. பானெட்டைத் தூக்கி இன்ஜினைக் கிளப்பினார்.

கிளம்பியது. ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்தால் ஒழுங்காக இரைந்தது. காலை எடுத்ததும் ஏறி இறங்கி, முன்னும் பின்னும் ஆடி, ஒரு இருமல் இருமி நின்றுவிட்டது.

“பார்த்தீங்களா? இதைத்தான் சொன்னேன்” என்றார் பாலசந்திரன் கூட்டத்தைப் பார்த்து.

ரத்தினசாமி மறுபடி கிளப்பி, அணையாதபடி தொட்டையனை ஆக்ஸிலரேட்டரில் லேசாகக் கால் வைத்திருக்கச் சொன்னார். பிளக் வயர்களை ஒவ்வொன்றாக இழுத்து மாட்டினார். நான்கிலும் இன்ஜின் ஒரே அளவு தளர்ந்தது, அப்படியென்றால் நான்கு சிலிண்டரும் வேலை செய்கின்றன. பிளக்குக்குப் பொறி அனுப்பும் பாயிண்ட்டைத் திறந்து பார்த்தார், இடைவெளி சரியாகவே இருந்தது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்புரேட்டரின் ஏர் ஸ்க்ரூவை உள்ளே திருகினார், வெளியே திருகினார். இன்ஜின் எதையும் சட்டை செய்யவில்லை. சோக்கைக் கால்வாசி இழுத்ததும் மட்டும் ஓரளவு அமைதியானது. அங்கே ரத்தினசாமியின் முகம் மாறியது. பெட்ரோலைக் கூட்டினால் ஆட்டம் நிற்கிறது என்றால், எங்கிருந்தோ வேண்டாத காற்று உள்ளே போகிறது.

எண்ணெய்க் கேனை எடுத்தார். கார்புரேட்டர் இன்ஜினோடு உட்காருகிற அடிப்பக்கத்தைச் சுற்றி இரண்டு சொட்டு விட்டார். அதுவரை குதித்துக்கொண்டிருந்த இன்ஜின் பட்டென்று அடங்கி, இரண்டு நொடி சீராக ஓடியது. எண்ணெய் உள்ளே உறிஞ்சப்பட்டு, பின்னால் நீலப்புகை வந்தது. மறுபடி ஆட்டம் ஆரம்பித்தது. மறுபடி சொட்டு விட்டார், மறுபடி அடங்கியது. சுவரோரம் நின்ற டிரைவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் புரிந்துவிட்டது.

“கார்புரேட்டர்ல ஒண்ணுமில்லை. அடியில ஏர் இழுக்குது, பேக்கிங் போயிருக்குது” என்றார். இரண்டு இரும்புக்கு நடுவில் காற்றுப் புகாமல் வைக்கிற அட்டையைத்தான் பேக்கிங் என்பார்கள். “சிவராத்திரிக்கு நான் வெட்டிப் போட்டது கம்பெனி ஷீட்டு. அது அஞ்சு வருசம் தாங்கும். அஞ்சு மாசத்துல போவாதுங்க.”

“அப்போ நீ போட்டதே மட்டமான சாமான்னு ஒத்துக்கறே.”

ரத்தினசாமி முதல்முறையாக அவர் பக்கம் திரும்பினார். “சார், நான் மூடினதுக்கப்புறம் இந்த நட்டை யாராச்சும் கழட்டுனாங்களா?”

“எவனும் தொடலை.”

“நல்லா ரோசனை பண்ணிச் சொல்லுங்க. வேற ஒர்க்ஷாப்புக்கு ஏதும் போனீங்களா?”

“உன் கை பட்டதுக்கப்புறம் வேற கை படலைன்னு சொல்றேன் இல்ல? சாமுண்டி ஆணை. போதுமா?”

கௌரம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆஷாட மாதத்தில் சாமுண்டிமேல் ஆணை வைப்பது அவருக்கு விளையாட்டு விஷயமில்லை.

ரத்தினசாமி நட்டுகளைக் கழற்றி, கார்புரேட்டரை மெல்ல ஆட்டித் தூக்கினார். அடியில் ஓர் அட்டை ஒட்டிக்கொண்டு வந்தது. அவர் போட்ட கறுப்பு ஷீட் இல்லை அது. ஒரு பக்கம் மூலை வெட்டப்படாமல் நேராக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, கத்திரிக்கிற சிரமத்தை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். பிளேடால் அதை நெம்பி எடுத்து, கரியையும் எண்ணெயையும் துணியால் ஒரு துடை துடைத்தார்.

தங்கப் பிள்ளையாரின் பாதி முகம் தெரிந்தது. புடைத்து நின்ற தும்பிக்கையின் இரண்டு பக்கமும் காற்று அரித்துப்போன தடம் கருகியிருந்தது. நீட்டிக்கொண்டிருந்த மூலையில் மஞ்சள். அது பழனாத்தாளின் விரல் தடவிய மஞ்சள். கார்புரேட்டரின் தொண்டைக்காக நடுவில் வட்டமாக வெட்டியதில் மணமகன் பெயரும் மணமகள் பெயரும் போயிருந்தன.

ரத்தினசாமி ஸ்பானரை எடுத்தார். துணியில் துடைத்தார். பெஞ்சின்மேல் வைத்தார். சுவரோரம் நின்றவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள். அந்த ஆள் கழுத்தைப் பிடித்து அதே இன்ஜினில் மோதவேண்டும் என்று அவர் உடம்பு முழுக்கத் துடித்தது. மோதியிருந்தாலும் அங்கே ஒருவரும் தடுத்திருக்கமாட்டார்கள். அவர் அந்த அட்டையைக் கொண்டுபோய்க் கௌரம்மாவின் கையில் கொடுத்தார்.

கௌரம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். “இது நம்ம மகேஸ்வரி கல்யாணப் பத்திரிகை. என்னோடது பூஜை ரூமில் இருக்கு.” அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனால் எண் எல்லோருக்கும் பொது. “மூலையில் பச்சையாக எழுதியிருக்கே… ஒன்பது, ஐந்து, தொண்ணூற்றாறு. சிவராத்திரி பிப்ரவரியில் வந்தது. இந்தக் காகிதம் அப்போ பிறக்கவே இல்லையே, ஸ்வாமி?”

பாலசந்திரன் காக்கிப்பையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். “அது… ஒரு வாரப் பத்திரிகையில மைலேஜ் கூட்டறதைப் பத்திப் போட்டிருந்தான். சும்மா ஒரு தடவை கழட்டிக் கிளீன் பண்ணிப் பார்க்கலாம்னு… உள்ளே இருந்த பேக்கிங் கிழிஞ்சிருச்சு. மேஜை மேலே கெட்டியா ஏதோ அட்டை கிடந்தது. என்ன அட்டைன்னு நான் பார்க்கலை.”

“எவனும் தொடலைன்னீங்களே?” என்றான் தொட்டையன். “ஆணை வேற வெச்சீங்க!”

“அது ஒரு பெரிய விஷயமா தோணலை. அட்டை வெச்சா என்ன, காற்றுப் புகாதுன்னுதான்…”

“படிங்க சார்” என்றார் ரத்தினசாமி.

“என்ன?”

“அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. மிச்சம் என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சுச் சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கட்டும்.”

கௌரம்மா அட்டையைப் பாலசந்திரனிடம் நீட்டினார். கூட்டம் முழுக்க அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. பாலசந்திரன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, கரைந்துபோன எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்தார். “…தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ… வருகை தந்து… ஆசீர்வதிக்குமாறு… இப்படிக்கு, ரத்தினசாமி, பழனாத்தாள்.” 

கள்ளன் என்றபோது ரத்தினசாமிக்கு வந்தது கோபம். இது கோபமில்லை. அந்த வராந்தாவில் வேட்டி மடிப்புக் கலையாமல் நின்ற தன்னை நினைத்தால் அவருக்கே தாங்கவில்லை. போட்டு வைத்த இலையும் ஞாபகம் வந்தது.

யாரும் எதிர்பார்க்காதபடி அவர் வேலைக்குத் திரும்பினார். பேக்கிங் ஷீட்டில் ஒரு துண்டு கிழித்து, கார்புரேட்டர் உட்காருகிற மேனிபோல்டின் வாய்மேல் வைத்து, சின்னச் சுத்தியலால் விளிம்பு நெடுகத் தட்டினார். தட்டத் தட்ட அதே வடிவம் அச்சாக அறுந்து வந்தது. கிரீஸ் பூசி உட்காரவைத்து, கார்புரேட்டரை மேலே இறக்கி, இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிச் சமமாக முடுக்கினார். கிளப்பினார். ஏர் ஸ்க்ரூவைக் கால் திருகு திருகியதும் இன்ஜின் சொன்னபடி கேட்டது. ஏர்கிளீனரை மாட்டி, எவர்சில்வர் டம்ளரில் கழுத்துவரை தண்ணீர் ஊற்றி மூடிமேல் வைத்தார். தண்ணீரின் மேற்பரப்பு லேசாக நடுங்கியது, அவ்வளவுதான். ஒரு சொட்டு சிந்தவில்லை. அதே பழைய கார்புரேட்டர், அதே பித்தளை ஆணி.

“ஷெட்டைக் காலி பண்ண வேண்டாம் ரத்னா” என்றார் கௌரம்மா. பிறகு பாலசந்திரனிடம், “நீங்க அடுத்த வெள்ளிக்கிழமை மலைக்கு நடந்தே போங்க ஸ்வாமி. செருப்பில்லாமல்” என்றார்.

தொட்டையன் ரத்தினசாமிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். தன் டாக்ஸிச் சாவியைப் பெஞ்சின்மேல் வைத்தான். வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறவன்போல ஓரமாக நகர்ந்தான்.

பாலசந்திரன் வேகமாகப் பானெட்டை மூடினார். “சரிப்பா, ஆனது ஆச்சு. மனசுல வெச்சுக்காதே” என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தார்.

“இருங்க சார். பழைய சாமான்.”

“வேண்டாம்… அதை நீயே போட்டுடு.” பதினோரு வருடத்தில் அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தது அன்றுதான்.

“அதெப்படிங்க? உங்க வண்டியில இருந்தது உங்க சாமான்.”

ரத்தினசாமி தொட்டிக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். விரலிடுக்கில் கறுப்புப் போகும்வரை நிதானமாகக் கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டார். கௌரம்மாவிடம் ஒரு தட்டு கேட்டார். அவர் உள்ளே போய்ப் பூஜை அறையிலிருந்து வெள்ளித் தட்டையே எடுத்துவந்தார். எண்ணெய் ஊறிய, நடுவில் ஓட்டை விழுந்த பத்திரிகையை அதில் வைத்து, பாலசந்திரன் எதிரில் போய் நின்று, இரண்டு கையாலும் நீட்டினார்.

பாலசந்திரன் பழக்கதோஷத்தில் இடது கையை நீட்டினார். ரத்தினசாமி தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“அன்னைக்கு இடது கையில வாங்கினீங்க. நான் ஒண்ணும் சொல்லலை. இன்னைக்கு ரெண்டு கையால வாங்குங்க. வாங்கிட்டுப் போயிடுங்க. இனிமே இந்தப் பக்கம் வண்டியத் திருப்பாதீங்க.”

தப்பிக்க வழியில்லை. வாசலில் டிரைவர்கள் நின்றார்கள். பாலசந்திரன் தோளிலிருந்து காக்கிப்பையைக் கழற்றித் தரையில் வைத்தார். குனிந்து, இரண்டு கையாலும் பத்திரிகையை எடுத்துக்கொண்டார்.